எழுபத்து மூன்று வருடம் காலியாக இருந்த கட்டம்

தங்கைக்குச் சிங்கப்பூரில் பிரசவம். அப்பாவை அழைத்துப் போக வேண்டும் என்று 2023 சித்திரையில் பாஸ்போர்ட் வேலையை ஆரம்பித்தோம். கும்பகோணத்தில் பாத்திரக்கடை வைத்து நாற்பது வருடம் ஓட்டியவர், அதுவரை விமானம் ஏறியதில்லை. ஆதாரில் பிறந்த வருடம் 1949 என்று மட்டும் இருந்தது. தேதியும் மாதமும் இல்லை. பழைய அட்டைகள் பலவற்றில் அப்படித்தான். பள்ளிச் சான்றில் 10.6.1949.

"அது வாத்தியார் போட்ட தேதி" என்றார் அப்பா. ஜூனில் ஐந்து வயது முடிந்திருந்தால்தான் சேர்ப்பார்கள் என்பதால், அத்தையோடு துணைக்குப் போகட்டும் என்று வயதைக் கூட்டி எழுதி, ஒரு வருடம் முன்னாலேயே தெருமுனை ஆரம்பப் பள்ளியில் விட்டுவிட்டார்களாம். பள்ளிச் சான்றை வைத்தே வேலையை முடித்திருக்கலாம். அப்பா ஒப்பவில்லை. "பிறந்த தேதி பிறந்த தேதியாவே இருக்கட்டும்டா. இந்த வயசுல எதுக்குப் பொய்த் தேதி?"

ஒரு கணினி மையத்தில் கேட்டதற்கு, பிறப்புச் சான்று எடுத்துத் தர நாலாயிரம் ஆகும் என்றார்கள். திரும்பி வந்துவிட்டேன். நேரே மாநகராட்சி சுகாதாரப் பிரிவுக்குப் போங்கள், இடைத்தரகர் யாரும் தேவையில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கும்பகோணம் 2021-இல்தான் மாநகராட்சி ஆனது. ஆனால் 1866-இலேயே நகராட்சி ஆகிவிட்ட ஊர் இது. பிறப்பு இறப்புப் பதிவுக்கு 1969-இல் மத்தியச் சட்டம் வருவதற்கு முன்பு, 1899-ஆம் வருடத்து மெட்ராஸ் சட்டம் இருந்தது. அதனால் ஊர் எல்லைக்குள் பிறந்தவர்கள், வீட்டுப் பிரசவமாக இருந்தாலும், பதிவாகியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. எந்த மாதம் என்று நாம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அங்கேதான் நாங்கள் தடுமாறினோம். ஆதாரை நம்பி 1949 என்று எழுதிக் கொடுத்தேன். ஜனவரி முதல் டிசம்பர் வரை தேடியும் இல்லை.

ஜாதகத்தைத் தேடினோம். கரையான் அரித்தது போக மிஞ்சிய துண்டில் 'விரோதி வரு' என்பது மட்டும் தெரிந்தது. விரோதி வருடம் 1949 ஏப்ரலில் தொடங்கி 1950 ஏப்ரலில் முடிகிறது. இதில் எந்த மாதம்? அத்தைதான் சொன்னார்.

"அம்பத்தாறு மகாமகத்துக்கு எங்கம்மா எங்க ரெண்டு பேரையும் கூட்டிண்டு போனா. எனக்கு எட்டு வயசு. அந்த வாரந்தான் இவனுக்கு ஆறு முடிஞ்சுது. கூட்டத்துல தொலைஞ்சுடுவான்னு இவன் கையை என் கையோட துண்டால கட்டிவிட்டா."

மகாமகம் வருவது மாசியில். 1956 மாசியில் ஆறு முடிந்தது என்றால் பிறந்தது 1950 மாசி. எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு வயதுக் கணக்கே மகாமகக் கணக்குதான். கல்யாணம், சாவு, வெள்ளம் எதைக் கேட்டாலும் 'அந்த மகாமகத்துக்கு முன்னாடி, பின்னாடி' என்பார்கள். பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை வருவதால் கணக்கு தப்பாது. உங்கள் வீட்டில் வயதானவர்கள் இருந்தால் முதலில் அவர்களிடம் உட்காருங்கள். நான் கடைசியில் உட்கார்ந்தேன், பத்து நாள் வீணானது.

மறுபடி மனு. இந்த முறை 1950 பிப்ரவரி, மார்ச் என்று எழுதினேன். எழுத்தர் அம்மா பெரிய பைண்டு நோட்டைத் தூக்கிவந்து மேஜையில் வைத்தார். முதுகில் துணி கிழிந்து நூல் தெரிந்தது. பழுப்பேறிய பக்கங்களை விரல் நுனியால் அடியிலிருந்து தூக்கித்தான் புரட்டினார், ஓரத்தைப் பிடித்தால் உதிர்ந்துவிடும். ஐந்தாறு பக்கம் போனதும் விரல் நின்றது. 21.2.1950. தகப்பனார் பெயர், தாயார் பெயர், தெரு, கதவு எண், எல்லாம் எங்களுடையவை. 'ஆண்' என்று எழுதியிருந்தது. பெயர்க் கட்டம் காலி. பெயர் வைப்பதற்கு முன்பே தாத்தா பதிந்துவிட்டு வந்திருக்கிறார், திரும்பிப் போய்ச் சொல்லவேயில்லை.

அப்பா அந்தக் காலிக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெயர் சேர்க்கலாம் என்றார் எழுத்தர். பழைய பிறப்புகளுக்குப் பெயர் சேர்க்கும் அவகாசத்தை அரசு அப்போது 2024 டிசம்பர் 31 வரை நீட்டியிருந்தது. ஆனால் அந்த 'ஆண்' இவர்தான் என்று எப்படிக் காட்டுவது? பள்ளி ஆவணத்தில் பெயரும் தகப்பனார் பெயரும் இருக்கின்றன, தேதி வேறு. அவர் யோசித்துவிட்டு, "உங்க தாத்தாவோட வாரிசுச் சான்று இருக்கா சார்?" என்றார். இருந்தது. அதில் இரண்டே பிள்ளைகள், அத்தையும் அப்பாவும். அவரே 1947 முதல் 1951 வரை உள்ள பதிவேடுகளைப் பார்த்தார். அதே தாய் தகப்பனுக்கு அந்த ஐந்து வருடத்தில் வேறு ஆண் குழந்தை பதிவாகவில்லை. "அப்ப இவர்தான். தேதி ஏன் மாறிச்சுன்னு ஒரு அஃபிடவிட் கொடுங்க, பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டு நகலும் வேணும்." இவ்வளவு தூரம் அவர் மெனக்கெட வேண்டிய கட்டாயம் இல்லை. செய்தார்.

நகலுக்கு அப்பா படித்த டவுன் ஹைஸ்கூலுக்குப் போனோம். 1864-இல் தொடங்கிய பள்ளி. ராமானுஜன் 1898 முதல் 1904 வரை படித்தது இங்கேதான். கணக்கில் தப்பு விட்டால், "எந்தப் பள்ளிக்கூடத்துல உக்காந்துருக்கேன்னு தெரியுமா?" என்று வாத்தியார் கேட்பாராம். மனு கொடுத்த நாலாம் நாள் நகல் கிடைத்தது.

அஃபிடவிட்டுக்குக் கோர்ட் பக்கம். நோட்டரி வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள், மரத்தடியில் உட்கார்ந்தோம். 1880-இல் இந்த ஊருக்கு முன்சீபாக, அதாவது சிவில் நீதிபதியாக, மாற்றலாகி வந்தவர் சேலம் இராமசாமி முதலியார். அதே வருடம் இங்குள்ள அரசுக் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்திருந்த உ.வே.சாமிநாதையர் அவரைப் பார்க்கப் போனார். அந்தாதி, பிள்ளைத்தமிழ் என்று தாம் படித்தவற்றையெல்லாம் அடுக்க, சிந்தாமணி படித்ததுண்டா என்று முதலியார் கேட்டார். ஏட்டிலிருந்து எழுதிய பிரதியைக் கொடுத்ததும் அவர்தான். 1887-இல் சாமிநாதையர் பதிப்பித்த சீவக சிந்தாமணி அச்சில் வந்தது. 1854-இல் பள்ளியாகத் தொடங்கிய அந்தக் கல்லூரியில்தான் அப்பாவும் ஒரு வருடம் புகுமுக வகுப்பு படித்துவிட்டுக் கடைக்கு வந்தார். வாய்தாவுக்கும் பத்திரத்துக்கும் வந்து போகிற இடமாகத்தான் இந்தக் கோர்ட்டை இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஒரு முன்சீப் கேட்ட கேள்வியால் ஒரு காப்பியம் நமக்குக் கிடைத்தது என்பதை நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது. அப்பாவிடம் சொன்னேன். கல்லூரியில் கேட்ட கதைதான் என்றாலும் மறுபடி முழுதும் கேட்டார்.

மூன்று வாரத்தில் சான்று வந்தது. அதை வைத்து ஆதாரில் தேதியைத் திருத்தினோம், ஆடி முடிவதற்குள் பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது. சான்றை அப்பா பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். பிறகு அத்தையிடம் நீட்டினார்.

அத்தை வெகுநேரம் வைத்திருந்தார். பதிவேடுகளைப் புரட்டியபோது 1948-இல் அவருடைய பதிவும் கண்ணில் பட்டதை அன்றே சொல்லியிருந்தேன். 'பெண்' என்று மட்டும் இருந்தது.

"எனக்குப் பாஸ்போர்ட்டெல்லாம் வேண்டாம்" என்றார் அத்தை. "அந்த நோட்டுல என் பேரையும் எழுதிட்டு வா."

மறுநாள் காலை மனு எழுதிக்கொண்டு போனேன்.