ஒரே அறையில் பாடிய அம்பா

திருகோணமலையில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கோயில் பக்திப் பாடல், விளம்பரக் குரல் என்றுதான் வேலை ஓடும். நாட்டார் பாடல் குழு ஒன்று தங்கள் முதல் இசைத்தொகுப்புக்காக வந்தது எனக்குப் பெரிய விசயம். நிலாவெளிப் பக்கத்து மீனவர்கள் கரையில் நின்று கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பா, தம்பலகாமத்து வயலில் சூடு மிதித்து நெல்லைப் பிரிக்கும்போது பாடிய பொலிப்பாட்டு, சில தாலாட்டுகள். வாத்தியம் கிடையாது, குரல் மட்டும்தான்.

தாளம் காட்டும் டிக் டிக் சத்தமான கிளிக்கைக் காதில் கொடுத்து ஆளாளாகப் பாட வைத்து, அப்புறம் அடுக்குவதுதான் இப்போதைய வழக்கம். செலவு குறையும். பணம் போட்டவரும் அதைத்தான் கேட்டார். நான் சம்மதிக்கவில்லை.

அம்பாவில் ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் 'ஏலேலோ' என்று வாங்குவார்கள். எழுதிப் பார்த்தால் ஒன்று முடிந்து மற்றது தொடங்குவது போல இருக்கும். பாடும்போது அப்படியில்லை. முன்பாட்டுக்காரர் கடைசிச் சொல்லை விடுமுன்னே பின்பாட்டு ஏறிவிடும். அந்த நேரத்தில்தான் அவர் மூச்சு வாங்குவார். வலையில் மீன் சேரும் பையான மடி கரைக்கு வர வர, மீன் தப்பாமல் இழுக்க வேண்டும். பாட்டின் வேகமும் கூடும். கிளிக் வைத்தால் இதெல்லாம் செத்துப்போகும்.

அதனால் குழுவை அரைவட்டமாக நிறுத்தி, முன்பாட்டுக்கார ஐயாவை அவர்களுக்கு எதிரே நிற்க வைத்தேன். அவருடைய மைக்கின் முதுகு குழுவைப் பார்த்தபடி இருந்தது. கார்டியோயிட் மைக் பின்பக்கச் சத்தத்தை அவ்வளவாக எடுக்காது. குழுவுக்கு உயரத்தில் இரண்டு மைக். வெக்கையான கச்சான் காற்றுக் காலம் வேறு. மின்விசிறியை நிறுத்தினால் அறை கொதிக்கிறது, ஓட விட்டால் அதன் இரைச்சல் பதிவில் விழுகிறது. ஒவ்வொரு பாட்டு முடியவும் கதவைத் திறந்து, பிளேன்டீ குடித்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு திரும்ப வந்து நின்றார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை.

அம்பா முடியும்போது சுருதி தொடங்கிய இடத்திலிருந்து அரைச்சுரம் அளவுக்கு ஏறியிருந்தது. மென்பொருளில் சரிசெய்வது சுலபம். ஐயாவிடம் கேட்டேன். "வலை பாரமானால் குரல் ஏறத்தானே செய்யும் தம்பி" என்றார். சரி என்று அப்படியே விட்டேன்.

பொலிப்பாட்டையும் இதே முறையில்தான் எடுத்தோம். தாலாட்டுகளை மட்டும் தனித்தனியாக, மைக்குக்குக் கிட்ட உட்கார வைத்துப் பதிந்தேன். அவை மடியில் கிடக்கும் ஒரு பிள்ளைக்குக் கேட்டால் போதும் என்று பாடப்பட்டவை.