மலை ஏறும் வண்டிக்கு எந்த பால் ஜாயிண்ட்?

சேலம் கோரிமேட்டில் ஒர்க்‌ஷாப் என்றால் வருகிற வேன், பிக்கப் எல்லாம் பெரும்பாலும் ஏற்காடு ஏறி இறங்குகிறவைதான். மேலேயிருந்து காப்பி, மிளகு மூட்டை, கீழேயிருந்து சிமெண்ட், அரிசி, அப்புறம் ஆட்கள். 20 கொண்டை ஊசி வளைவிலும் பிரேக்கை மிதித்தபடி இறங்கும்போது பாரம் முழுக்க முன்னால் சாய்ந்து, வளைவுக்கு வெளிப்பக்கம் இருக்கிற முன் சக்கரத்தின் மேல் போய் அழுத்தும். அங்கே சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது பால் ஜாயிண்ட், கிண்ணத்துக்குள் சுழலும் அந்தச் சின்ன இரும்பு உருண்டைதான்.

"அண்ணே, நல்லா உழைக்கிறதா ஒண்ணு போட்டு விடுங்க" என்பார்கள். பிராண்ட் பேசுவதற்கு முன்னால் நான் பார்ப்பது, பாரம் எந்த ஜாயிண்டில் உட்காருகிறது என்பதை. ஆம்னி, ஈக்கோவில் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) பாரத்தைத் தாங்கிக்கொள்ளும், கீழே இருக்கும் ஜாயிண்ட் சக்கரத்தை அதன் இடத்தில் நிறுத்தினால் போதும். மேலே ஒன்று கீழே ஒன்று என சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் இரண்டு ஆர்ம் இருந்து, ஸ்பிரிங் கீழ் ஆர்மில் உட்காரும் வண்டியில் கீழ் ஜாயிண்ட்தான் சுமக்கிறது, அதனால் முதலில் தேய்வதும் அதுதான். ஜாயிண்ட் தேய்ந்து ஆடுகிறதா என்று பார்க்கும்போது அந்த வண்டிக்கு ஜாக்கியைக் கீழ் ஆர்முக்கு அடியில் கொடுத்தால்தான் தெரியும். சேஸிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், கொடுத்துத் தூக்கினால் ஸ்பிரிங் ஜாயிண்டை இறுக்கிவிடும், தேய்ந்ததும் நல்லது மாதிரியே நிற்கும்.

கிரீஸ் அடிக்க வாய் வைத்த, நிப்பிள் உள்ள ஜாயிண்டா, திறக்க முடியாதபடி சீல் செய்ததா? மாதாமாதம் கிரீஸ் அடிக்கிற ஓட்டுநருக்கு நிப்பிள் உள்ளதுதான் என் தேர்வு, புது கிரீஸ் உள்ளே போகும்போது தண்ணீரும் தூசியும் வெளியே வந்துவிடும். வண்டியை வாடகைக்கு விட்டுவிட்டு மாதக் கணக்கில் திரும்பிப் பார்க்காதவருக்கு நல்ல சீல் ஜாயிண்டே மேல், கிரீஸ் காணாத நிப்பிளால் ஒரு பயனும் இல்லை.

எதை வாங்கினாலும் உருண்டையை மூடியிருக்கும் ரப்பர் உறையை, அதாவது பூட்டை (boot), விரலால் அழுத்திப் பாருங்கள். உள்ளே இரும்பு எவ்வளவு உசத்தியாக இருந்தாலும், பூட் கிழிந்தால் மழைத் தண்ணீரும் மண்ணும் சேர்ந்து உருண்டையை அரைத்துவிடும். பூட் விறைப்பாக இருந்தாலோ, கிளிப் தளர்ந்திருந்தாலோ, உருண்டையிலிருந்து நீளும் தண்டான ஸ்டட்டைக் கையால் அசைக்கும்போது சீரான பிடிப்பு இல்லாமல் லொடலொட என்று ஆடினாலோ கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம். பாதி விலை டூப்ளிகேட்டை நான் மாட்டுவதில்லை, கேட்டு வந்தவர் கோபித்துக்கொண்டு போனாலும் சரி. காப்பி பறிக்கிற பெண்கள் பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு இறங்குகிற வேனில் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் மடங்கிவிடும், ஓரத்தில் பள்ளம் காத்திருக்கும்.

மாட்டும்போது ஸ்டட் உட்காருகிற, கூம்பு மாதிரி குறுகும் டேப்பர் ஓட்டையைத் துருவோ கிரீஸோ இல்லாமல் துடைக்க வேண்டும். கம்பெனி சொன்ன டார்க்குக்கு (இறுக்கும் அளவுக்கு) நட்டை இறுக்கிய பிறகு, நட் கழலாமல் பிடிக்கும் காட்டர் பின்னின் ஓட்டை நேராக வரவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள், தளர்த்தாதீர்கள். ஒரு பக்கம் போயிருந்தால் மறுபக்கத்தையும் அன்றே பாருங்கள், அதுவும் அதே வளைவுகளில்தான் ஓடியிருக்கிறது. வேலை முடிந்ததும் வீல் அலைன்மெண்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்ப்பது. இதற்கு ஆகும் காசை மிச்சம் பிடித்தால் டயர் ஒரு ஓரமாகத் தேய்ந்து அதைவிடப் பல மடங்கு கேட்கும்.