‘அழகுச் சிகிச்சை’ அல்ல, வாய் திறப்பதற்கான லேசர்

ஸ்கிளீரோடெர்மா என்ற நோயால் என் உதடுகளைச் சுற்றியுள்ள தோல் இறுகி, பல் மருத்துவரின் சிறு கண்ணாடியை நுழைப்பதே வேதனையாகிவிட்ட நிலையில்தான், ஃபிராக்ஷனல் கார்பன் டை ஆக்சைடு லேசரை முயன்று பார்க்கலாம் என்று தோல் மருத்துவர் கூறினார். 10,600 நானோமீட்டர் அலைநீளமுள்ள அந்தக் கதிர் தோலில் நுண்துளைகளை இட்டு, அவை ஆறும்போது, தோலில் இறுகிய கொலாஜன் என்ற புரத நார்கள் இளகி மாறத் தூண்டுகிறது, நோயைக் குணப்படுத்துவதில்லை.

குறித்த நாளில் போனால், நோய் அடங்கியிருப்பதாக ருமட்டாலஜி (மூட்டு, இணைப்புத்திசு நோய்கள்) மருத்துவர் எழுதிய கடிதம் எங்கே என்று கேட்டு வரவேற்பில் இருந்தவர் திருப்பி அனுப்பிவிட்டார். முன்பதிவின்போது நானே கேட்டதற்கு, எந்தக் காகிதமும் வேண்டாம் என்று சொன்னவரும் அவர்தான். மைக்கோபீனோலேட் போன்ற, எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உட்கொள்பவருக்குத் தொற்று அபாயம் உண்டு என்பதால் கடிதம் கேட்பது நியாயமே; அதை முன்கூட்டிச் சொல்லாததுதான் அநியாயம். உதட்டில் எப்போதாவது அக்கி வந்திருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள், முன்தடுப்பு மாத்திரை தருவார்கள்.

மரப்புக் களிம்பு தடவியிருந்ததால் லேசரின் சுடுவலியைத் தாங்க முடிந்தது. என்னை வாட்டியது, தோலைக் குளிர்விக்க ஊதிய காற்றுதான். ரேனாட், அதாவது குளிரில் விரல்களுக்கு இரத்த ஓட்டம் குறையும் கோளாறு, உள்ள என் விரல்கள் வெளுத்து மரத்துப்போன பிறகே அதைத் தணித்தார்கள். கையுறையும் கம்பளிக் காலுறையும் அணிந்து செல்லுங்கள். கருவியை இயக்குபவரிடம் ரேனாட் என்ற பெயரைச் சொல்லி, முதலிலேயே எச்சரித்துவிடுங்கள். பிறகு வீக்கம், பொருக்கு. நம் நிறத்தோலில் கருமை படியாமலிருக்க வெயில் தடுப்புக் களிம்பு கட்டாயம்.

காப்பீட்டு நிறுவனமோ ‘அழகுச் சிகிச்சை’ என்று ஒரே வரியில் மறுத்துவிட்டது. தோற்றத்தை மாற்றும் சிகிச்சைகளை விலக்கும் பிரிவு பாலிசியில் உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் உடனடி உடல்நலக் கேட்டை நீக்கத் தேவையானது என்று மருத்துவர் சான்றளித்தால் விதிவிலக்கு உண்டு என்பதும் அதே பிரிவில்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையிலான வாய்த்திறப்பை மில்லிமீட்டரில் அளந்து, உண்பதற்கும் பல் துலக்குவதற்கும் உள்ள தடையைச் சிகிச்சைக்கு முன்பே எழுதி வாங்கிவிடுங்கள். புறநோயாளிச் சிகிச்சைக்கு உங்கள் பாலிசி பணம் தருமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நிறுவனத்திடம் எழுத்துமூலம் முறையிட்டு 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டாலோ, பதில் நிறைவளிக்காவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். என் முறையீடு இப்போது அங்கேதான் இருக்கிறது.

வாய்த்திறப்பு சில மில்லிமீட்டர் கூடியிருக்கிறது. பல் மருத்துவரால் பின்பற்களைச் சுத்தம் செய்ய முடிந்தது. அடுத்த அமர்வு வரை தினமும் வாயை அகட்டும் பயிற்சியைத் தொடர்கிறேன்.