மூன்றாம் முறை ஏற்கப்பட்ட நீரேற்று நிலையக் கோப்பு

எங்கள் நகரக் குடிநீர் அமைப்பை வெள்ளத்திலிருந்து காப்பதற்காக நிதி கேட்டு நாங்கள் அனுப்பிய விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்து, மூன்றாம் முறைதான் ஏற்கப்பட்டது. வரைபடத்திலோ மதிப்பீட்டிலோ யாரும் குறை சொல்லவில்லை. இடித்த இடங்கள் வேறு.

முதல் முறை எங்களைக் கவிழ்த்தது ஒரு சொற்றொடர். ஆற்றங்கரை நீரேற்று நிலையத்தில் தரைமட்டத்தில் இருக்கும் மின்பலகைகளை உயர்த்தி அமைப்பதே எங்கள் கோரிக்கை என்றாலும், முன்னுரையில் "பழைய மின்பலகைகளை மாற்றுதல்" என்று எழுதிவிட்டோம். பேரிடர் தணிப்பு நிதி பராமரிப்புப் பணிக்கு இல்லை என்ற ஒற்றை வரிக் குறிப்புடன் நான்கு மாதம் கழித்துக் கோப்பு திரும்பியது. தொலைபேசியில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றே திருத்திக் கொடுத்திருப்போம் என்று நினைக்கையில் இன்றும் மனம் ஆறவில்லை. கருவி எவ்வளவு பழையது என்று எழுதாதீர்கள். தண்ணீர் எந்த மட்டத்துக்கு ஏறினால் அது நின்றுபோகும், நின்றால் எத்தனை பேருக்கு எத்தனை நாள் குடிநீர் இராது என்று எழுதுங்கள். 1993 ஜூலையில் அமெரிக்காவின் டெ மொய்ன் நகரச் சுத்திகரிப்பு நிலையத்துக்குள் ஆறு புகுந்து, ஏறக்குறைய 2,50,000 பேர் நாள்கணக்கில் குழாய்த் தண்ணீர் இல்லாமல் தவித்ததை இரண்டாம் விண்ணப்பத்தில் சேர்த்தோம்.

அதுவும் திரும்பியது. செலவைவிடப் பயன் கூடுதல் என்று கணக்கில் காட்ட வேண்டும். முந்தைய வெள்ளங்களின் பழுதுச் செலவு பொதுக் கணக்கில் கரைந்துபோயிருந்ததால் எங்களிடம் சான்று இல்லை. "நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்துக்கு இப்போதே ஏன் செலவு?" என்று ஆய்வுக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். 100 ஆண்டு வெள்ளம் என்றால் ஒவ்வோர் ஆண்டும் அது வர 1 விழுக்காடு வாய்ப்பு உண்டு என்று பொருள். 30 ஆண்டு உழைக்கும் ஒரு கருவி தன் ஆயுளுக்குள் அதைச் சந்திக்க ஏறக்குறைய 26 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. இதை முதல் பக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

கைகொடுத்தது மோட்டார் இயக்குநரின் பதிவேடு. ஓரங்கள் ஊறி உப்பியிருந்த அந்த நோட்டில் மையால் எழுதியவை கரைந்திருந்தன. தண்ணீர் படியேறிய நேரம், மோட்டாரை நிறுத்திய நேரம், மீண்டும் ஓட்டிய நாள் ஆகியவற்றை அவர் பென்சிலால் குறித்திருந்ததால் அவை மட்டும் தப்பின. "சுவத்துலயும் கோடு போட்டு வெச்சிருக்கேன் சார்" என்று அழைத்துப் போனார். சுண்ணாம்புப் பூச்சில் ஆணியால் கீறிய இரண்டு கோடுகள், பக்கத்தில் தேதிகள். நில அளவையரைக் கொண்டு அவற்றின் உயரத்தை அளந்து சான்று பெற்று இணைத்தோம். செலவைவிடப் பயன் கூடுதல் என்று கணக்கில் காட்ட முடிந்தது.

நில ஆவணமும் சுற்றுச்சூழல் இசைவும் சிக்கலின்றி முடிந்தன. நகரத்தின் பங்குத்தொகை குறித்த மன்றத் தீர்மானத்தில் மட்டும் கவனமாக இருங்கள்: "தேவையான நிதி ஒதுக்கப்படும்" என்ற வாசகம் செல்லாது, தொகையும் கணக்குத் தலைப்பும் இடம்பெற வேண்டும் என்பது கடைசி நாளுக்கு முந்தைய நாள்தான் எங்களுக்குத் தெரியவந்தது. பணமும் முன்கூட்டி வராது. செலவழித்துப் பற்றுச்சீட்டுகளைக் காட்டிய பிறகே வரும்.

பிரதான குழாயின் வால்வுகளுக்குக் கேட்ட பகுதியை வெட்டிவிட்டார்கள். அடுத்த சுற்றில் அதற்கு விண்ணப்பிக்க, எல்லா நிலையங்களின் பதிவேடுகளையும் இப்போதே நகலெடுத்துவருகிறோம்.