கோட்டானை அறியும் இரண்டு தலைமுறைகள்

குளிர்காலத்தில் தனுஷ்கோடி செல்லும் சாலையோரத்து ஆழமற்ற நீர்ப்பரப்பில் பூநாரைகள் இறங்கும்போது, அவற்றைக் காணக் கூடும் எங்கள் குழுவில் பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் பாலிடெக்னிக் மாணவர்களும் அருகருகே நிற்பார்கள். வயது இடைவெளி, ஒரு பறவையை இன்னதென்று முடிவு செய்யும் விதத்தில்தான் வெளிப்படுகிறது.

சென்ற பருவத்தில் வளைந்த அலகுடைய பறவை ஒன்று சேற்றில் இரை தேடிக்கொண்டிருந்தது. மாணவர் கேமராத் திரையில் படத்தைப் பெரிதாக்கி, உச்சந்தலையில் ஓடிய வெளிர்க்கோட்டைச் சுட்டி, "சின்னக் கோட்டான் சார்" என்றார். கோட்டான் என்று இங்கே சொல்வது ஆந்தையை அல்ல, நீண்டு வளைந்த அலகுடைய கரைப்பறவையை. ஆசிரியர் படத்தைப் பார்க்கவில்லை. பறவை எழும்பியபோது அடுக்கடுக்காக எழுந்த சீழ்க்கையைக் கேட்டு, "அதேதான் தம்பி" என்றார்.

முதுமையில் மிக மெல்லிய, உச்சத்தொனி ஒலிகள் காதுக்கு எட்டாமல் போகும் என்பதால், புதர்ச் சிட்டுகளைப் பொறுத்தவரை பெரியவர்கள் இளையவர்களின் செவியையே நம்புகிறார்கள். ஆனால் படமில்லாத பதிவை ஏற்க இளையவர்கள் தயங்குவது எனக்கு வருத்தமளிக்கிறது. பறவைப் பதிவுகளைத் திரட்டும் இணையத்தளமான ஈபேர்ட் 2002இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய இக்கரையின் வலசைக் குறிப்புகள் பல பெரியவர்களின் நோட்டுப் புத்தகங்களில் உள்ளன. பழைய பதிவுகளையும் அத்தளம் ஏற்கும். தேதியும் இடமும் எண்ணிக்கையும் தெளிவாக உள்ள பக்கங்களையேனும், எழுதியவர்கள் அருகிருந்து விளக்கும் காலத்திலேயே, மாணவர்கள் ஏற்றிவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.