கொதிக்கிற லேப்டாப்போடு சில இரவுகள்

மார்ச் 3

ஆரம்பித்துக் கால் மணி நேரம் வரை கேம் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. அதற்கப்புறம், சண்டை உச்சத்துக்குப் போகிற இடமாகப் பார்த்து ஃபிரேம் (நொடிக்குத் திரையில் வருகிற படங்களின் எண்ணிக்கை) விழுகிறது, எழுகிறது, மறுபடி விழுகிறது. ஃபேன் இரைச்சல் ஹெட்செட்டையும் தாண்டிக் கேட்கிறது. டபிள்யூ விசையில் விரல் வைத்திருக்கவே எரிச்சலாக இருக்கிறது. விசைகளுக்கு மேலே இருக்கிற பட்டையைத் தொட்டால் கை தானாகப் பின்வாங்குகிறது.

"அண்ணா, ஒரு கூலிங் பேட் வாங்கிப் போடு, எல்லாம் சரியாயிடும்" என்கிறான் தம்பி. லேப்டாப்புக்கு அடியில் வைக்கிற ஃபேன் பலகையைச் சொல்கிறான். எது சூடாகிறது, எப்போது, எந்த அளவுக்கு என்று தெரியாமல் எதையும் வாங்குவதாக இல்லை.

மார்ச் 4

வெப்பத்தையும் வேகத்தையும் காட்டுகிற ஹெச்டபிள்யூ இன்ஃபோ மென்பொருளில் சென்சார் பக்கத்தை மட்டும் திறந்து, பின்னணியில் ஓடவிட்டு விளையாடினேன். சிபியு (மையச் செயலி) 97, 98 டிகிரி என்று நிற்கிறது. ஜிபியு (படம் வரைகிற சிப்) 84. சிபியு வேகம் 4.1 கிகாஹெர்ட்ஸிலிருந்து 2.5க்கு இறங்குவதும் ஏறுவதுமாக இருக்கிறது. ஃபிரேம் விழுகிற நேரமும் இது இறங்குகிற நேரமும் ஒன்றுதான்.

இதற்குப் பெயர் தெர்மல் த்ராட்லிங். லேப்டாப் சிபியுக்கள் பலவற்றுக்கு உச்சவரம்பு 100 டிகிரி, சிலவற்றுக்கு 95. அதை நெருங்கியதும் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. அப்படியும் அடங்காவிட்டால் லேப்டாப்பே அணைந்துவிடும். ஆகவே எரிந்துபோய்விடுமோ என்று பதற வேண்டாம். காசு கொடுத்து வாங்கிய வேகம் கிடைக்கவில்லை என்பதுதான் பிரச்சினை.

இரண்டு விஷயம் குறித்து வைக்கிறேன். 'அதிகபட்சம்' என்கிற நெடுவரிசையைப் பார்த்து மிரளக் கூடாது. லோடிங்கின்போது ஒரு நொடி 95 தொட்டுவிட்டுப் போவது சகஜம். சராசரியையும் வேகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இன்னொன்று, வேகம் குறைய வெப்பம் மட்டும்தான் காரணம் என்றில்லை. மின்சக்தி வரம்பை எட்டினாலும் குறையும். ஹெச்டபிள்யூ இன்ஃபோ இரண்டையும் தனித்தனி வரியில் 'ஆம், இல்லை' என்று காட்டுகிறது. எனக்கு 'ஆம்' வந்தது வெப்பத்தில்தான்.

மார்ச் 5

லேப்டாப்பின் பின்பக்கத்துக்கு அடியில் இரண்டு பாட்டில் மூடிகளை வைத்தேன். காற்றை உள்ளே இழுக்கிற துளைகள் அடிப்பக்கம்தானே, மேசையோடு ஒட்டிக் கிடந்தால் ஃபேன் எதை இழுக்கும்? நாலு டிகிரி இறங்கியது. செலவே இல்லை.

மார்ச் 8

விஷயம் இன்றைக்குத்தான் பிடிபட்டது. வெப்பத்தை எப்படி வெளியேற்றுவது என்றே எல்லாரும் பேசுகிறார்கள். அவ்வளவு வெப்பத்தை ஏன் உண்டாக்குகிறோம் என்று கேட்பாரில்லை.

என் திரை 144 ஹெர்ட்ஸ், நொடிக்கு 144 தடவை படத்தைப் புதுப்பிக்கும். கேம் 110க்கும் 130க்கும் நடுவில் அல்லாடுகிறது, அதாவது ஜிபியு ஒரு நொடிகூட ஓய்வெடுப்பதில்லை. இதைவிடக் கொடுமை மெனு. ஒன்றும் நடக்காத அந்தப் பக்கத்தை நொடிக்கு நானூறு தடவைக்கு மேல் வரைந்துகொண்டு லேப்டாப் அலறுகிறது!

ஃபிரேம் வரம்பை 72இல் வைத்தேன். 144இல் சரிபாதி என்பதால் ஒவ்வொரு ஃபிரேமும் திரையில் சம இடைவெளியில் வருகிறது. 110க்கும் 130க்கும் ஆடுவதைவிட அசையாத 72 கண்ணுக்கு இதம். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் சிபியுவும் வேலை செய்தாக வேண்டும் என்பதால் இரண்டுமே தணிந்தன: ஜிபியு 71, சிபியு 86. இரண்டுக்கும் ஒரே செப்புக் குழாய்கள்தான் வெப்பத்தைச் சுமக்கின்றன. ஒன்று தணிந்தால் மற்றதும் மூச்சுவிடும்.

அடுத்து டர்போ, அதாவது சிபியு தன் அடிப்படை வேகத்துக்கு மேல் தானே எகிறுவது. விண்டோஸ் பவர் அமைப்பில் சிபியுவின் அதிகபட்ச நிலையை 100 சதவீதத்திலிருந்து 99 ஆக்கினால் டர்போ நின்றுவிடும். (சில லேப்டாப்களில் இந்த வரி மறைந்திருக்கும்.) சிபியு 74க்கு வந்துவிட்டது! சிப்பின் மின்செலவு மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்றபடி கூடும். டர்போவின் கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸுக்குத்தான் அழுத்தம் எக்கச்சக்கமாகத் தேவைப்படுகிறது. இந்தக் கேமில் இழப்பு எதுவும் தெரியவில்லை. நூற்றுக்கணக்கான படைகளை நகர்த்துகிற வியூக கேமில் முறைக்கு முறை காத்திருப்பு நீண்டது, அதற்கு மட்டும் டர்போவைத் திரும்பப் போட்டுக்கொள்வேன்.

மார்ச் 10

சிபியுவை அண்டர்வோல்ட் செய்ய (மின்னழுத்தத்தைக் குறைத்து ஓட்ட) வழியில்லை, பயாஸ் (போர்டிலேயே இருக்கிற அடிப்படை மென்பொருள்) பூட்டியிருக்கிறது. 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தது. மென்பொருள் வழியாக மின்னழுத்தத்தைக் குறைத்தே இன்டெல் சிப்பின் பாதுகாக்கப்பட்ட பகுதியில் பிழை உண்டாக்க முடியும் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதற்கப்புறம் பல லேப்டாப்களில் அந்தக் கதவை அடைத்துவிட்டார்கள்.

ஜிபியு பக்கம் திறந்தே இருக்கிறது. ஜிபியுவின் அமைப்புகளை மாற்ற உதவுகிற ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் கண்ட்ரோலும் எஃப்பும் அழுத்தினால் மின்னழுத்தம்-வேகம் வளைகோடு வரும். 800 மில்லிவோல்ட் புள்ளியை 1700 மெகாஹெர்ட்ஸுக்கு உயர்த்தி, அதற்கு வலப்பக்கம் உள்ளதைத் தட்டையாக்கினேன். சோதனை மென்பொருள் எல்லாவற்றிலும் தேறியது, கேமில் அரை மணி நேரத்தில் திரை கறுத்து டிரைவர் மீண்டும் தொடங்கியது. 825க்கு ஏற்றிய பிறகு அசையவில்லை. அதே ஃபிரேமுக்குக் குறைந்த வாட்ஸ். இந்த எண்களை அப்படியே எடுத்து இன்னொரு சிப்பில் போடக் கூடாது, ஒவ்வொன்றும் ஒரு ரகம்.

மார்ச் 14

திறந்தேன். சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சற்று நேரம் அழுத்தி, அடிமூடி கழன்றதும் முதல் வேலையாகப் பேட்டரி இணைப்பை எடுத்தேன். திருகுகள் ஒரே நீளமில்லை. காகிதத்தில் அடிப்பக்கத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் குத்தி வைத்தேன்.

ஃபேன் இறக்கைகளில் லேசான தூசிதான். இவ்வளவுதானா என்று மூடியிருப்பேன். ஃபேனைக் கழற்றி எடுத்தபோதுதான் தெரிந்தது: ஃபேனுக்கும் செப்புத் தகடுகளுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை, கம்பளித் துணியைக் கத்தரித்து ஒட்டினாற்போல. இடுக்கியால் ஒரு முனையைப் பிடித்து இழுத்ததும் தகடுகளின் வரிகள் பதிந்தபடி முழுசாகக் கையோடு வந்தது. வெளியிலிருந்து காற்றடித்தால் இது போகாது, இன்னும் உள்ளேதான் தள்ளும். மிச்சத் தூசியை ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டேன், அதிவேகத்தில் சுழன்றால் பேரிங் கெடும்.

மார்ச் 15

தூசி போயும் சிபியு கோர்களுக்குள் (சிப்புக்குள் தனித்தனியாக வேலை செய்கிற பகுதிகள்) 12 டிகிரி வித்தியாசம். சிப்பின் வெப்பத்தை அதன்மேல் உட்காரும் உலோக ஹீட் சிங்குக்குக் கடத்துகிற பேஸ்ட், சூடாவதும் ஆறுவதுமாக ஓரத்துக்குப் பிதுங்கியிருக்க வேண்டும். ஹீட் சிங்கைத் தூக்கினால் நடுவில் வறண்டு, சுற்றிலும் கரை கட்டியிருந்தது.

பேஸ்ட்டுக்குப் பதிலாகத் திரவ உலோகம் வேண்டாம். அதிலிருக்கும் காலியம் அலுமினியத்தை அரித்துவிடும், ஒரு துளி போர்டில் சிந்தினால் ஷார்ட். பிடிஎம் 7950 என்கிற வெப்பம் கடத்தும் தாளை வெட்டி வைத்தேன். சுமார் 45 டிகிரியில் இளகிப் பரவுகிற பொருள், பேஸ்ட் மாதிரிச் சீக்கிரம் பிதுங்காது. திருகுகளை ஹீட் சிங்கில் பொறித்திருக்கும் எண் வரிசையிலேயே கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினேன். வித்தியாசம் 5க்கு வந்துவிட்டது.

மார்ச் 17

வரம்பை எடுத்து, டர்போவும் போட்டு முழு வேகத்தில் ஓட்டினேன். சிபியு 88இல் நிற்கிறது, த்ராட்லிங் இல்லை. ஆனாலும் 72க்கே திரும்பிவிட்டேன், அந்த இரைச்சல் சகிக்கவில்லை.

தம்பி தன் கூலிங் பேடைக் கொண்டுவந்து வைத்தான். இரண்டு டிகிரி. விளிம்பில் ஃபோம் வைத்துக் காற்றைக் கசியவிடாமல் உள்ளே தள்ளுகிற ரகம் நன்றாகவே வேலை செய்யும், இது வெறும் நீல விளக்கு. "அப்போ இது வேஸ்ட்டா?" என்றான். உயரம் கொடுக்குதுல்ல, பாட்டில் மூடிக்குப் பதிலா வெச்சுக்கலாம் என்றேன். முறைத்துவிட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இடது ஃபேன் மட்டும் மெதுவாகச் சுழலும்போது கரகரக்கிறது. எண்ணெய் விடச் சொல்கிறார்கள், விடப்போவதில்லை. மையத்து ஸ்டிக்கரில் இருக்கிற பாக எண்ணைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். இடதும் வலதும் வேறு வேறு எண், சரியானதைத் தேடி ஆர்டர் போட வேண்டும்.