இரண்டாம் நிலை கோச்சிங் சர்டிபிகேட் வாங்கிய அனுபவம்

11 ஆண்டுகள் கால்பந்து ஆடிய பிறகு கோச் ஆவது என்று முடிவெடுத்தேன். முதல் நிலைப் படிப்பு சிரமமில்லாமல் முடிந்தது. இரண்டாம் நிலையில்தான் சிக்கல் ஆரம்பித்தது.

பெரியவர்கள் ஆடும் அணி ஒன்றுக்கு ஒரு முழு சீசன் பயிற்சி கொடுத்து, அதை லாக்புக்கில் கிளப்பின் கையெழுத்தோடு காட்ட வேண்டும். விதியில் ஆண், பெண் என்ற பேச்சே கிடையாது. ஆனால் நான் போன கிளப்புகள் எல்லாம் எனக்குச் சின்னக் குழந்தைகள் அணியைத்தான் கொடுத்தன. "குழந்தைகளைப் பெண்கள்தான் நல்லா பார்த்துப்பாங்க" என்றார்கள். பெரிய அணி வேண்டுமென்றால் சர்டிபிகேட் கேட்டார்கள். சர்டிபிகேட்டுக்கோ பெரிய அணி வேண்டும். ஒன்றரை ஆண்டு இப்படியே போனது. கடைசியில் ஒரு மூத்த கோச் என்னைத் தன் அணியில் துணைப் பயிற்சியாளராகச் சேர்த்து, வாரத்தில் இரண்டு நாள் பயிற்சியை முழுவதுமாக என்னிடம் விட்டார். லாக்புக் நிரம்பியது அவரால்தான்.

வகுப்பில் 24 பேர், அதில் இரண்டு பெண்கள். செய்முறைத் தேர்வில் சக மாணவர்களே வீரர்களாக நிற்பார்கள். நான் டிரில்லை நிறுத்தித் திருத்தம் சொன்னால், அவர்கள் திரும்பித் தேர்வாளரைப் பார்த்தார்கள். எனக்கு வந்த குறிப்பு: "குரலில் அதிகாரம் போதாது." அன்று இரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் மதிப்பெண் தாளைக் கேட்டு வாங்கி, இந்தக் குறிப்பு எந்த வரியில் வருகிறது என்று எழுத்தில் கேட்டேன். அப்படி ஒரு வரியே இல்லை. மறுதேர்வு கொடுத்தார்கள். இந்த முறை தேர்வாளர்கள் கவனித்தது, நான் சொன்ன திருத்தத்துக்குப் பிறகு ஆட்டம் மாறியதா என்பதைத்தான். தேறிவிட்டேன்.

இதைவிட என்னை உறுத்தியது பாடத்திட்டம். பெண்களின் உடல் பற்றிக் கடைசி நாளில் அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அதையும் "நீங்களே படிச்சுக்கோங்க" என்று தாண்டிப் போய்விட்டார் பயிற்றுநர். கால்பந்தில் ஏ.சி.எல். எனும் முழங்கால் தசைநார் காயம் வீராங்கனைகளுக்குத்தான் அதிகம் வருகிறது. குதித்துத் தரையிறங்கும்போது முழங்கால் உள்பக்கம் மடியாமல் பழக்கினால் அதைக் கணிசமாகக் குறைக்கலாம். 20 நிமிட வார்ம்-அப்பிலேயே பழக்கிவிடலாம். உழைப்புக்கு ஏற்ற சாப்பாடு இல்லாவிட்டால் மாதவிடாய் நின்றுபோகலாம், எலும்பு பலவீனமாகலாம். வகுப்பில் பாதிப் பேர் பெண்கள் அணிக்குப் பயிற்சி கொடுக்கும் ஆண்கள். 2023 மகளிர் உலகக் கோப்பையிலேயே 32 அணிகளில் 12 அணிகளுக்குத்தான் தலைமைப் பயிற்சியாளர் பெண். அப்படியிருக்க, இந்த அரை மணி நேரத்தை யாருக்காகத் தவிர்த்தார்கள்?

படிப்பு முடிந்ததும் கருத்துப் படிவத்தோடு நான்கு பக்கக் கடிதமும் சேர்த்துக் கொடுத்தேன். பதில் வர ஐந்து மாதம் ஆனது. சரி, வந்ததே பெரிது. துணைப் பயிற்சியாளராக நடத்திய பயிற்சிகளும் லாக்புக்கில் சேரும் என்பதை இனி விதியிலேயே எழுதிவிடுவோம் என்றார்கள். வகுப்புத் தேதிகளை ஐந்து நாள் முன்னால் சொல்வதை விட்டு, ஆறு வாரம் முன்பே அறிவிக்கிறார்கள். கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். பெண் தேர்வாளர் வேண்டும் என்ற கோரிக்கை மட்டும் இன்னும் நிற்கிறது. விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அந்த அரை மணி நேரம் இப்போது அரை நாள். நடத்துவது நான். போன முறை வகுப்பு முடிந்ததும் ஒருவர் தயங்கித் தயங்கி வந்தார். தன் அணியில் 15 வயதுப் பெண் ஒருத்தி திடீரென்று இளைத்துக்கொண்டே போகிறாள், எப்படிப் பேச்செடுப்பது என்று கேட்டார். எடையைப் பற்றி எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள், சோர்வாக இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள், பெற்றோரிடம் பேசி மருத்துவரிடம் அனுப்புங்கள் என்றேன். அவர் நோட்டைத் திறந்து எழுதிக்கொண்டார்.